திண்ணை வரை ஓர் அழைப்பு

யார் எழுதிய விதி? – அத்தியாயம் 17

2007ஆம் ஆண்டின் மே, ஜூன், ஜூலை மாதங்களில் மூன்று ஊர்களில் மூன்று காரியங்கள் நடந்தன. மே 16 அன்று பாரிஸில், பணக்கார நாடுகளின் பொருளாதார ஆலோசனை மன்றமான ஓஇசிடி, பிரேசில், சீனா, இந்தியா, இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளோடு இனி நெருங்கிப் பழகுவது என்று தீர்மானம் போட்டது. ஜூன் தொடக்கத்தில், ஜெர்மனியின் பால்டிக் கடற்கரையில் உள்ள ஹைலிகெண்டாமில் கூடிய ஜி8 தலைவர்கள் இந்தியா, சீனா, பிரேசில், மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐவரை மேசைக்கு அழைத்தார்கள். ஜூலை 30 அன்று ரியோ டி ஜெனிரோவில், விமான விற்பனைக்கு அரசுகள் கொடுக்கும் ஏற்றுமதிக் கடன் பற்றிய ஓர் உடன்பாட்டில் பிரேசில் கையெழுத்திட்டது. முதல் இரண்டைப் பற்றி அன்று நிறையப் பேசினார்கள். மூன்றாவதை விமானத் தொழிலில் இருந்தவர்களைத் தவிர அதிகம் பேர் கவனிக்கவில்லை. இன்று திரும்பிப் பார்த்தால் மூன்றாவதுதான் நிலைத்திருக்கிறது. இந்த அத்தியாயத்தின் வாதம் அங்கிருந்து தொடங்குகிறது. சர்வதேசப் பொருளாதார அமைப்புகள் வளர்ந்துவரும் நாடுகளோடு சமமாக உட்கார்ந்தது, அந்த நாடுகளின் கையெழுத்து இல்லாமல் தங்கள் விதி ஓடாது என்ற நிலை வந்தபோதுதான். அதுவும் அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும். ஒத்துழைப்பு, கூட்டாண்மை, ஈடுபாடு என்று அச்சடித்த அழைப்பிதழ்கள் இந்த வரலாற்றில் அதிகம் சாதித்ததாகத் தெரியவில்லை.

ஓஇசிடி என்பது பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு. மார்ஷல் திட்டத்தின் அமெரிக்கப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ள 1948இல் ஐரோப்பிய நாடுகள் ஏற்படுத்திய அமைப்புதான் இதற்குத் தாய். பங்கிடும் வேலை முடிந்த பிறகு, அமெரிக்காவும் கனடாவும் சேர, 1960 டிசம்பரில் 20 நாடுகள் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1961 செப்டம்பர் 30 அன்று அது நடைமுறைக்கு வந்தது. பெயரில் ‘வளர்ச்சி’ இருந்தாலும் வளர்ச்சி வேண்டியிருந்த நாடுகளில் பெரும்பாலானவை உள்ளே இல்லை. அவற்றுக்கு எவ்வளவு உதவி கொடுப்பது, அதை எப்படிக் கணக்கெழுதுவது என்று பேசுவதற்குத்தான் உள்ளே ஒரு குழு இருந்தது. இந்த அமைப்பு ஐஎம்எஃப் போலக் கடன் கொடுப்பதில்லை. உலக வர்த்தக அமைப்பு போல வழக்கு விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதும் இல்லை. அதன் சரக்கெல்லாம் காகிதம்தான்: புள்ளிவிவரம், மாதிரி ஒப்பந்தம், வழிகாட்டு நெறி, ஒரு நாட்டின் கொள்கையை மற்ற நாடுகள் பரிசோதித்து எழுதும் அறிக்கை. காகிதம்தானே என்று ஒதுக்க முடியாது. 1963இல் வரைவாகவும் 1977இல் முழு வடிவிலும் வெளியான அதன் மாதிரி வரி ஒப்பந்தத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் உலகின் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் எழுதப்பட்டன, உறுப்பினராக இல்லாத இந்தியா எழுதியவை உட்பட. பாரிஸில் முடிவான ஒரு வாக்கியம் இன்னொரு கண்டத்தில் சட்டமாக நடமாடுவது எப்படி என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று ஒன்று உண்டு. அதற்குத்தான் பிரேசிலின் விமானக் கதைக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஒரு நாட்டு நிறுவனம் வெளிநாட்டு வாங்குபவரிடம் பெரிய இயந்திரத்தையோ விமானத்தையோ விற்கும்போது, விற்பவரின் அரசே குறைந்த வட்டிக்குக் கடன் ஏற்பாடு செய்து தருவது பழைய வழக்கம். எல்லா அரசுகளும் போட்டி போட்டுக்கொண்டு வட்டியைக் குறைத்தால் கருவூலங்கள்தான் காலியாகும் என்பதால், பணக்கார நாடுகள் 1978இல் ஓஇசிடியின் கூரையின் கீழ் ஒரு கனவான் உடன்பாடு செய்துகொண்டன. இந்த வட்டிக்குக் கீழே போவதில்லை, இத்தனை ஆண்டுக்கு மேல் தவணை கொடுப்பதில்லை என்பது அதன் சாரம். அது அவர்களுக்குள் இருந்தவரை யாருக்கும் கேள்வியில்லை. ஆனால் 1979இல் டோக்கியோச் சுற்று வர்த்தகப் பேச்சுகள் முடிந்தபோது மானியங்கள் பற்றிய விதித்தொகுப்பில் ஒரு பத்தி நுழைந்தது. பிறகு 1995இல் உலக வர்த்தக அமைப்பின் மானிய ஒப்பந்தத்தின் பின்னிணைப்பிலும் அது அப்படியே ஏறியது. 1979 ஜனவரி 1 நிலவரப்படி குறைந்தது 12 மூல உறுப்பினர்கள் சேர்ந்திருக்கும் ஒரு சர்வதேச ஏற்றுமதிக் கடன் ஏற்பாட்டின் வட்டி விதிகளை ஒரு நாடு பின்பற்றினால், அது தடைசெய்யப்பட்ட ஏற்றுமதி மானியமாகக் கருதப்படாது என்பது அந்தப் பத்தியின் பொருள். ஓஇசிடி என்ற பெயரே அதில் கிடையாது. அந்த அடையாளத்துக்குப் பொருந்தும் ஏற்பாடு உலகில் ஒன்றுதான் இருந்தது. மேலும், அந்த மூல உறுப்பினர்கள் பின்னால் ஏற்றுக்கொள்ளும் வாரிசு ஏற்பாட்டுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று பத்தி சேர்த்துச் சொன்னது. விளைவு என்ன? பாரிஸில் சில அரசுகள் கூடித் தங்கள் உடன்பாட்டைத் திருத்தினால், ஜெனீவாவில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தின் பொருளே மாறும். பேச்சில் கலந்துகொள்ளாத நாடுகளுக்கு அந்த மாற்றம் தபாலில் வந்து சேரும். சட்டம் எழுதியவர்களின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

இந்தப் பத்தியில் முதலில் வசமாக மாட்டியது பிரேசில். 1969இல் அரசு நிறுவனமாகத் தொடங்கி 1994 டிசம்பரில் தனியார்மயமான எம்ப்ராயர், 50 இருக்கை கொண்ட ஜெட் விமானத்தை 1990களின் நடுவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. கனடாவின் பம்பார்டியர் ஏற்கெனவே அதே அளவு விமானத்தை விற்றுக்கொண்டிருந்தது. பிரேசில் அரசு ‘புரோஎக்ஸ்’ என்ற திட்டத்தின் மூலம், எம்ப்ராயர் விமானம் வாங்குவோரின் கடனுக்கான வட்டியில் 3.8 சதவீதப் புள்ளி வரை தானே ஏற்றுக்கொண்டது. 1996இல் கனடா வழக்குப் போட்டது; 1997இல் பிரேசில் எதிர்வழக்குப் போட்டது. சர்வதேசச் சந்தையில் பிரேசிலுக்குக் கடன் கிடைக்கும் வட்டி கனடாவுக்குக் கிடைப்பதைவிட மிக அதிகம், அந்தப் பள்ளத்தைத்தான் நிரப்புகிறோம் என்பது பிரேசில் தரப்பின் வாதம். சந்தை நியாயத்தில் இதற்கு வலு இருந்தது, சட்டத்தில் இல்லை. பாதுகாப்புத் தரும் வட்டி அளவு எதுவென்பது பாரிஸில் எழுதப்பட்டிருந்தது, அதை எழுதியபோது பிரேசில் அங்கே இல்லை. 1999இல் மேல்முறையீட்டிலும் பிரேசில் தோற்றது. கனடாவின் திட்டங்கள் சிலவும் விதிமீறல் என்றே முடிவானது. 2000 ஆகஸ்டில், ஆண்டுக்கு 34.42 கோடி கனடிய டாலர் வரை பிரேசில் மீது எதிர் நடவடிக்கை எடுக்கலாம் என்று கனடாவுக்கு அனுமதி கிடைத்தது. 2003இல் இன்னொரு வழக்கில் கனடா மீது ஏறத்தாழ 24.8 கோடி அமெரிக்க டாலர் அளவுக்குப் பிரேசிலுக்கு அனுமதி கிடைத்தது. இருவருமே அந்த வாளை உறையிலிருந்து எடுக்கவில்லை. இதற்கிடையே பிரேசில் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. புரோஎக்ஸ் திட்டத்தை மாற்றி எழுதி, ஓஇசிடி மாதாமாதம் வெளியிடும் குறைந்தபட்ச வட்டி அளவையே தன் உள்நாட்டுத் திட்டத்தின் அடித்தளமாக்கிக்கொண்டது. 2001இல் நடுவர் குழு அந்தப் புதிய வடிவத்தை ஏற்றது. தான் நுழையாத வீட்டின் கடிகாரத்தைப் பார்த்துத் தன் வீட்டில் மணி சொல்வது போன்ற நிலை அது.

ஆனால் அந்தச் சில ஆண்டுகளில் சந்தையும் மாறியிருந்தது. சிறிய ஜெட் விமானங்களில் எம்ப்ராயரை விட்டுவிட்டு எந்த உடன்பாடு எழுதினாலும் அது ஓட்டைப் பானை. 1986இல் எழுதப்பட்ட விமானக் கடன் விதிகளைப் புதுப்பிக்க முனைந்தபோது, பிரேசிலுக்குப் பார்வையாளர் நாற்காலி போதாது என்பது கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் தெரிந்திருந்தது. ஓஇசிடியில் உறுப்பினராகாமலே பிரேசில் முழுப் பங்காளியாகப் பேச்சில் உட்கார்ந்தது; கையெழுத்து விழா பிரேசில் மண்ணிலேயே நடந்தது. 2011இல் அதே உடன்பாட்டைத் திரும்ப எழுதியபோதும் பிரேசில் இருந்தது. பதினோராண்டு வழக்குச் செலவில் வாங்கிய நாற்காலி என்று இதைச் சொல்லலாம். நட்புறவால் வந்த நாற்காலி என்று சொல்ல முடியாது. தேவை இரு பக்கமும் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வட்டிப் போட்டியில் கனடாவின் கஜானாவோடு மோதிக் கரைவதைவிட ஒரு வரம்புக்குள் நிற்பது பிரேசிலுக்கும் லாபம். அந்த இரண்டாவது பாதி இல்லையென்றால் என்ன ஆகும் என்பதைச் சீனா காட்டியது. ஏற்றுமதிக் கடனில் உலகின் முதலிடத்துக்கு வந்துவிட்ட சீனாவை வரம்புக்குள் கொண்டுவர 2012இல் அமெரிக்கா முன்னெடுத்து ஒரு சர்வதேசப் பணிக்குழு அமைத்தார்கள். மற்றவர்களுக்குச் சீனாவின் கையெழுத்து தேவைப்பட்டது. சீனாவுக்கு வரம்பு தேவைப்படவில்லை. எட்டாண்டுப் பேச்சுக்குப் பிறகு 2020 நவம்பரில் அதை நிறுத்திவைத்தார்கள்.

இப்போது 2007இன் மற்ற இரண்டு காட்சிகளைப் பார்க்கலாம். ஹைலிகெண்டாமில் ஜி8 நாடுகளின் பொருளாதார அறிக்கை ஜூன் 7 அன்றே வெளியாகிவிட்டது. மன்மோகன் சிங், ஹூ ஜிந்தாவ், லூலா, கால்டெரோன், எம்பெக்கி ஆகியோர் மேசைக்கு வந்தது மறுநாள். ஐவரோடு இனி நடக்கவிருக்கும் உரையாடலின் தலைப்புகளும், அதற்கு ஓஇசிடி மேடை அமைத்துத் தரும் என்பதும் அந்த அறிக்கையில் ஏற்கெனவே இருந்தன. தலைப்புகளில் அறிவுசார் சொத்துரிமையும் முதலீட்டுச் சுதந்திரமும் முன்னால் நின்றன. மருந்துக் காப்புரிமையில் இந்தியாவும் பிரேசிலும் எந்தப் பக்கம் நிற்கும் நாடுகள் என்பது தெரிந்தே போட்ட பட்டியல். பந்திக்கு அழைத்தவர்கள் இலையில் என்ன வைப்பது என்று முன்னாடியே முடிவு செய்துவிட்டார்கள். அந்த உரையாடல் 2009இல் இத்தாலியின் லாக்விலா மாநாட்டில் பெயரை நீட்டிக்கொண்டு, அதே ஆண்டு செப்டம்பரில் பிட்ஸ்பர்க்கில் ஜி20 தலைமை மேடையாக அறிவிக்கப்பட்டதும் மங்கிப்போனது. ஜி20 ஏன் தலைமை மேடையானது என்பதற்கும் பெரிய மர்மம் இல்லை. 2008இன் நிதி நெருக்கடியில் உலகத் தேவையைத் தூக்கி நிறுத்தச் சீனாவின் செலவும், ஐஎம்எஃப் கையிருப்பைக் கூட்ட வளர்ந்துவரும் நாடுகளின் பணமும் வேண்டியிருந்தன. ஹைலிகெண்டாமில் ஓராண்டுக்கு முன் கிடைக்காத நாற்காலியை நியூயார்க்கில் ஒரு வங்கி திவாலானது வாங்கிக்கொடுத்தது. பாரிஸின் மே மாதத் தீர்மானமோ இன்றும் உயிரோடிருக்கிறது. ஐந்து நாடுகளும் பின்னாளில் ‘முக்கியக் கூட்டாளிகள்’ என்று பெயர் பெற்றன. குழுக் கூட்டங்களுக்குப் போகலாம், பேசலாம், அறிக்கையில் தங்கள் நாட்டைப் பற்றி ஓர் அத்தியாயம் வரும். முடிவெடுக்கும் மன்றத்தில் வாக்கு இல்லை. பிள்ளைகள் விளையாட்டில் உப்புக்குச் சப்பாணி என்று ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களே, ஏறக்குறைய அந்த நிலை.

வெளியாரை விட்டு எழுதுவது ஓஇசிடிக்கும் நல்லதாக முடியவில்லை என்பதற்கு 1990களில் ஒரு சான்று உண்டு. 1995 மே மாதம் அதன் 25 உறுப்பினர்கள் பலதரப்பு முதலீட்டு ஒப்பந்தம் ஒன்றுக்குப் பேச்சைத் தொடங்கினார்கள். வெளிநாட்டு முதலீட்டாளர் ஓர் அரசை நேரடியாக நடுவர் மன்றத்துக்கு இழுக்கும் உரிமை அதில் இருந்தது. முதலில் பணக்கார நாடுகள் எழுதி முடிப்பது, பிறகு மற்ற நாடுகள் வந்து சேர்ந்துகொள்வது என்பது திட்டம். யாருடைய முதலீட்டுக் கதவுகளைத் திறக்க அந்த ஒப்பந்தம் முதன்மையாகத் தேவைப்பட்டதோ, அந்த நாடுகள் அறைக்கு வெளியே இருந்தன. 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக வர்த்தக அமைப்பின் கூட்டத்தில் இதே பொருளைக் கொண்டுவரப் பார்த்தபோது இந்தியா முன்னின்று எதிர்த்தது. 1997இல் வரைவு கசிந்து இணையத்தில் பரவியது. 1998 அக்டோபரில் பிரான்ஸ் விலகியது. ஆண்டு முடிவதற்குள் பேச்சும் முடிந்தது. அதைக் கொன்றது தொண்டு நிறுவனங்களின் எதிர்ப்பா, உறுப்பினர்களின் உள்சண்டையா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். உள்சண்டைக்கே என் வாக்கு. ஆனால் வெற்றி பெற்றிருந்தாலும், வளர்ந்துவரும் நாடுகளின் கையெழுத்து இல்லாமல் அது யாரைக் கட்டுப்படுத்தியிருக்கும் என்ற கேள்விக்கு அன்று பாரிஸில் பதில் இருக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் பேரமாகவே பார்க்கிறீர்கள், ஓசையில்லாமல் நடக்கும் தொழில்நுட்ப ஒத்துழைப்பால் வளர்ந்துவரும் நாடுகளுக்குக் கிடைத்த நன்மை கண்ணில் படவில்லையா என்று கேட்கலாம். படுகிறது. ஒரு மருந்தின் மூலப்பொருளோ பூச்சிக்கொல்லியோ நஞ்சா இல்லையா என்று ஒரு நாட்டு ஆய்வகத்தில் சோதித்தால், அந்த முடிவை இன்னொரு நாடும் மறுசோதனை இல்லாமல் ஏற்க வேண்டும் என்று 1981இல் ஓஇசிடி ஒரு முடிவெடுத்தது. 1997இல் அந்த ஏற்பாட்டை வெளி நாடுகளுக்கும் திறந்துவிட்டது. 2002இல் இந்தியா அதற்கென ஒரு கண்காணிப்பு ஆணையத்தை அமைத்து, ஆய்வகங்களைச் சீர்படுத்தி, 2011 மார்ச்சில் முழுப் பங்கேற்பாளராக ஏற்கப்பட்டது. அன்றிலிருந்து இந்திய ஆய்வகத்தின் நச்சுச் சோதனை அறிக்கை பணக்கார நாடுகளின் ஒழுங்குமுறை அலுவலகங்களில் செல்லும். ஏற்றுமதியாளருக்குக் காலமும் பணமும் மிச்சம், அதே சோதனையைத் திரும்பச் செய்யாததால் சோதனை விலங்குகளும் மிச்சம். டிராக்டர் சோதனையிலும் விதைச் சான்றிதழிலும் இதே மாதிரி ஏற்பாடுகளில் இந்தியா இருக்கிறது. இவை உண்மையான லாபங்கள். ஆனால் இதில் யார் யாரிடம் நகர்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும். சோதனை நெறிகள் எழுதப்பட்டு ஏறத்தாழ முப்பதாண்டுக்குப் பிறகு இந்தியா அவற்றைப் பின்பற்றக் கற்றுக்கொண்டு உள்ளே வந்தது. நல்ல தையல்காரரின் அளவுச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்ட மாதிரி; சட்டை பொருந்தியது, நல்லதுதான். இதற்கு ‘தரத்தை ஏற்றல்’ என்று பெயர். ‘சேர்ந்து எழுதுதல்’ என்பது வேறு.

அளவுச் சட்டை பொருந்தாத கதையும் உண்டு, அது தமிழ்நாட்டைத் தொட்டுப் போகிறது. பதினைந்து வயது மாணவர்களின் வாசிப்பு, கணக்கு, அறிவியல் திறனை ஒப்பிட ஓஇசிடி 2000 முதல் நடத்தும் பிசா தேர்வில், 2009 சுற்றின் நீட்சியாக இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. கல்வியில் முன்னணி மாநிலங்கள் என்று தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்டவை. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது எழுபதுக்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்கள் கொண்ட பட்டியலின் அடியில், கிர்கிஸ்தானுக்குப் பக்கத்தில், இரண்டும் நின்றன. கேள்விகள் இந்தியப் பிள்ளைகளின் சூழலுக்கு அந்நியமானவை என்று சொல்லி இந்தியா அதற்கடுத்த சுற்றுகளில் கலந்துகொள்ளவில்லை. அரசின் புகாரில் ஒரு பகுதி நியாயம். அளவுகோலை வகுத்தவர்கள் எந்த வீட்டு மேசையை மனதில் வைத்து வகுத்தார்கள் என்று கேட்கும் உரிமை அளக்கப்படுபவருக்கு உண்டு. மறுபகுதி நொண்டிச் சாக்கு. உள்நாட்டில் எடுத்த கணக்கெடுப்புகளும் வாசிப்பில் இதே மாதிரியான பள்ளத்தைத்தான் காட்டின. அளவுகோலோடு சண்டை போடுவதென்றால் அதை எழுதும் குழுவில் உட்கார்ந்து போட வேண்டும். எழுந்து வந்துவிட்டால் அளவுகோல் அப்படியேதான் இருக்கும், அளவும் தெரியாமல் போகும்.

அப்படியானால் உறுப்பினராகவே ஆகிவிட வேண்டியதுதானே என்பது அடுத்த மறுப்பு, இதுதான் வலுவானதும். ஓஇசிடியில் முடிவுகள் ஒருமித்த கருத்தால் எடுக்கப்படுகின்றன. உள்ளே போனால் தடுக்கும் உரிமை கிடைக்கும். மெக்சிகோ 1994 மே மாதம் சேர்ந்தது, தென்கொரியா 1996 டிசம்பரில் சேர்ந்தது. மெக்சிகோவின் பெசோ 1994 டிசம்பரில் சரிந்ததையும், தென்கொரியா 1997 நவம்பரில் ஐஎம்எஃப் வாசலில் நின்றதையும் காட்டி, சேர்ந்ததால் கெட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அது மிகை. மெக்சிகோவின் சிக்கல் முன்பே முற்றியிருந்தது. கொரியாவில் உறுப்பினர் தகுதிக்காக மூலதனக் கதவுகளைத் திறந்தது ஒரு பங்கு வகித்தது என்றாலும், எந்தக் கதவை முதலில் திறப்பது என்பதில் சியோல் எடுத்த முடிவுகளுக்கும் பங்கு உண்டு. மெக்சிகோக்காரரான ஆங்கெல் குர்ரியா 2006 முதல் 2021 வரை பொதுச்செயலாளராக இருந்தார் என்பதும் உண்மை. ஆனால் சேரும் பாதையில் பேரம் எப்படி நடக்கிறது என்பதைப் பிரேசில் காட்டிவிட்டது. 2017இல் விண்ணப்பித்த அந்த நாட்டுக்கு 2019 மார்ச்சில் அமெரிக்கா ஆதரவு தந்தது. விலையாக, உலக வர்த்தக அமைப்பில் வளரும் நாடு என்ற முறையில் கிடைக்கும் சலுகைகளை எதிர்காலப் பேச்சுகளில் விட்டுக்கொடுக்கப் பிரேசில் இசைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா அர்ஜென்டினாவையும் ருமேனியாவையும் முன்னால் நிறுத்தியது. பாரிஸ் முறைப்படி பேச்சைத் தொடங்கியது 2022 ஜனவரியில்தான். அதற்குள் பிரேசில் ஓஇசிடியின் சட்டக் கருவிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைத் தானே ஏற்றிருந்தது. விமான உடன்பாட்டில் கடினமாகப் பேசி இடம் வாங்கிய அதே பிரேசில், பொது அழைப்புக்கு ஆசைப்பட்டபோது முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிரேசிலின் திறமையில் இல்லை. மற்றவர்களுக்கு அதன் கையெழுத்து எவ்வளவு தேவைப்பட்டது என்பதில்தான்.

வரி விவகாரம்தான் இந்த வாதத்துக்கே சோதனை. பன்னாட்டு நிறுவனங்கள் லாபத்தை வரியில்லாத தீவுகளுக்கு நகர்த்துவதால் உலக அரசுகள் ஆண்டுக்கு 10,000 கோடி முதல் 24,000 கோடி டாலர் வரை இழக்கின்றன என்று ஓஇசிடியே 2015இல் கணக்கிட்டது. இதை அடைக்க ஜி20 கேட்டுக்கொண்டதன் பேரில் தொடங்கிய திட்டத்தில் இந்தியா, சீனா, பிரேசில் உள்ளிட்ட வெளி ஜி20 நாடுகள் சம அந்தஸ்தோடு உட்கார்ந்தன. 2016இல் கியோட்டோவில் மற்ற நாடுகளுக்கும் கதவு திறந்தது. சந்தை யாரிடம் இருக்கிறதோ அவரில்லாமல் வரி விதி ஓடாது என்பதால் வந்த சமத்துவம் இது. இந்தியா வெறும் கையோடும் போகவில்லை. இணைய நிறுவனங்களுக்கு எப்படி வரி போடலாம் என்று 2015 அறிக்கை சில வழிகளைக் குறிப்பிட்டு எதையும் பரிந்துரைக்காமல் விட்டிருந்தது. அதில் ஒன்றான சமன்படுத்தும் வரியை எடுத்து, வெளிநாட்டு நிறுவனங்கள் பெறும் இணைய விளம்பரக் கட்டணத்தில் 6 சதவீதம் என்று 2016 ஜூனில் இந்தியா விதித்தது. கூகுள் வரி என்று அது பேர்பெற்றது. 2020இல் இணைய வணிகத்துக்கும் 2 சதவீதமாக விரிந்தது. அமெரிக்கா விசாரணை நடத்தி, இறால், பாஸ்மதி அரிசி, நகை என்று இந்தியப் பொருள்கள் மீது 25 சதவீதம் கூடுதல் சுங்கம் விதிப்பதாக 2021 ஜூனில் அறிவித்து, கையோடு நிறுத்தியும் வைத்தது. இந்த நெருக்குதல்களுக்கு நடுவில்தான் 2021 அக்டோபர் 8 அன்று பேச்சில் இருந்த 140 நாடுகளில் 136 நாடுகள், அதில் உருவான ‘இரு தூண்’ வரி உடன்பாட்டை ஏற்றன. கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நான்கும் ஏற்கவில்லை.

இதைக் காட்டி ஒருவர் என் வாதத்தையே மடக்கலாம். தேவைப்பட்டவர்களாகத்தான் இருந்தார்கள், சமமாகத்தான் உட்கார்ந்தார்கள், ஆனால் கிடைத்தது என்ன? விற்பனை நடக்கும் நாட்டுக்கு வரியுரிமையில் பங்கு தரும் முதல் தூண், ஆண்டு வருவாய் 2,000 கோடி யூரோவுக்கு மேல் உள்ள நிறுவனங்களின் மிகை லாபத்தில் கால் பங்கை மட்டும் தொட்டது. ஒரு நாட்டில் கணிசமான வணிகம் இருந்தாலே வரி போடலாம் என்று இந்தியா உட்பட்ட ஜி24 நாடுகள் 2019இல் வைத்த எளிய யோசனை ஓரங்கட்டப்பட்டது. 2023 அக்டோபரில் ஒப்பந்த வாசகம் வெளியானபோது இந்தியா, பிரேசில், கொலம்பியா ஆகியவற்றின் மாற்றுக் கருத்துகள் அடிக்குறிப்பில் இடம்பெற்றன. அடிக்குறிப்பு என்பதும் ஒருவகைத் திண்ணைதான். அதே வாசகத்தில் இன்னொரு கணக்கும் இருந்தது. ஒப்பந்தம் உயிர்பெற, நிறுவனங்களின் தலைமையகங்களை வைத்து நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்த 999 புள்ளிகளில் 600 புள்ளிகள் சேர வேண்டும். அமெரிக்காவுக்கு 486. மற்ற எல்லா நாடுகளும் கைகோத்தாலும் 513தான். எனவே என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேனே தவிரக் கைவிடவில்லை. தேவை நாற்காலியை வாங்கித் தரும். ஆனால் எல்லாரும் தேவைப்படும் மேசையில் யார் எழுந்து போனால் சபை கலையுமோ அவர் சொல்தான் கடைசிச் சொல். விமான மேசையில் எம்ப்ராயர் வைத்திருந்த இடத்தை வரி மேசையில் எந்த வளர்ந்துவரும் நாடும் வைத்திருக்கவில்லை. சமன்படுத்தும் வரி அந்த இடத்துக்கு அருகில் இந்தியாவைக் கொண்டுபோனது; அது கையில் இருந்தவரை எதிர்த்தரப்பு பேசியாக வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று 2 சதவீத வரியை இந்தியா நீக்கியது. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற டிரம்ப் அன்றைக்கே, அந்த உலக வரி உடன்பாடு அமெரிக்காவில் செல்லாது என்று குறிப்பாணை வெளியிட்டார். ஏப்ரல் 1 அன்று மிச்சமிருந்த 6 சதவீத வரியையும் இந்தியா நீக்கியது. துருப்புச் சீட்டை ஆட்டம் முடிவதற்கு முன் மேசையில் போட்டது தவறு என்றே நினைக்கிறேன். சுங்க மிரட்டலின் கீழ் இறால் பண்ணைக்காரரையும் நெசவாலைக்காரரையும் காப்பாற்ற வேண்டியிருந்தது என்ற பதிலையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

பாரிஸ் சரிவரவில்லை என்றால் வேறு வீடு உண்டா? 2015 ஜூலையில் அடிஸ் அபாபாவில் நடந்த நிதி மாநாட்டில், ஐ.நா.வின் வரி நிபுணர் குழுவை அரசுகளுக்கிடையிலான முழு அமைப்பாக உயர்த்த வேண்டும் என்று இந்தியாவும் ஜி77 நாடுகளும் கேட்டன. பணக்கார நாடுகள் விடவில்லை. 2023 நவம்பர் 22 அன்று, ஆப்பிரிக்க நாடுகள் சார்பில் நைஜீரியா கொண்டுவந்த தீர்மானத்தின் மீது ஐ.நா. குழுவில் வாக்கெடுப்பு நடந்தது. ஐ.நா.வின் கீழ் ஒரு வரி உடன்படிக்கை எழுதுவதற்கு ஆதரவாக 125, எதிராக 48, நடுநிலை 9. இந்தியா ஆதரித்தது. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் பாரிஸ் மன்றத்தின் உறுப்பினர்கள். 2025 பிப்ரவரியில் அமெரிக்கா அந்தப் பேச்சிலிருந்து வெளியேறியது. மற்றவர்கள் தொடர்கிறார்கள், வாசகத்தை 2027இல் பொதுச்சபை முன் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஐ.நா.வின் வரி நிபுணர் குழுவின் வேர் 1968இல் இருக்கிறது. வளரும் நாடுகளுக்கென்று தனி மாதிரி வரி ஒப்பந்தம் எழுத ஐ.நா. நிபுணர்களைக் கூட்டிய ஆண்டு அது. எழுதி முடித்து வெளியிட 1980 ஆனது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் கதை அடுத்த அத்தியாயத்தில்.